கழித்தபின் மிச்சம்

கடலிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளை மூன்று வருடமாகச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். ஞாயிறு இணைப்பு, மாணவர் இதழ், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், இணையம் என்று எங்கே கண்ணில் பட்டாலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுவேன். ஒரு நாற்பது தேறும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தால், ஒரே கட்டுரையை நாற்பது தடவை படித்த களைப்புதான் வருகிறது. பூமியின் பரப்பில் 71 விழுக்காடு கடல் என்பது முதல் வரி. சூரியன் கடலில் கொட்டும் வெப்பத்துக்கு ஓர் எண், அதன் பின்னால் பூஜ்ஜியங்களின் ஊர்வலம். அலை, ஓதம், வெப்பம் என மூன்று உபதலைப்பு. பிரான்சில் ஒன்று, கொரியாவில் ஒன்று, ஹவாயில் ஒன்று. கடைசியில் ‘அந்த நாள் வெகுதொலைவில் இல்லை’.

இவற்றில் தகவல் பிழைகள் அதிகமில்லை. அலையையும் ஓதத்தையும் குழப்பிக்கொள்வது ஒன்றுதான் அடிக்கடி நடக்கிறது. காற்று தள்ளுவது அலை, நிலவு இழுப்பது ஓதம். இலங்கைத் தமிழர்களிடம் ‘வற்றுப்பெருக்கு’ என்று அருமையான சொல் இருக்கிறது, யாரும் குழம்ப வழியே இல்லை. நாம்தான் எல்லாவற்றையும் ‘கடல் அலை மின்சாரம்’ என்று ஒரே பானையில் போட்டு வேகவைக்கிறோம். அது போகட்டும். என் மனக்குறை வேறு. இந்தக் கட்டுரைகள் எல்லாமே கதை ஆரம்பிக்கும் இடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. கூட்டத் தெரிந்த அளவுக்கு இவற்றுக்குக் கழிக்கத் தெரியவில்லை.

கழித்தல் என்று நான் சொல்வது உவமை கிடையாது, நேரடியான கணக்கு. கடல் வெப்ப மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துக் கடல்களில் மேல்மட்ட நீர் 28 டிகிரி இருக்கும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அது 5, 6 டிகிரிதான். மேல்நீரின் சூட்டில் அம்மோனியா கொதித்து ஆவியாகி டர்பைனைச் சுற்றும். ஆழத்து நீரின் குளிரில் அது மறுபடி திரவமாகும். அவ்ளோதான் இயந்திரம். நான் சோறு தின்பதே இதைத் தலைகீழாகச் செய்துதான். கிள்ளான் பள்ளத்தாக்கின் அலுவலகக் கட்டடங்களில் குளிர்சாதன ஆலைகளைப் பராமரிப்பது என் வேலை. 12 டிகிரியில் திரும்பி வரும் நீரை 7 டிகிரிக்கு இறக்க ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று மாதாமாதம் பில்லில் பார்க்கிறேன். நாங்கள் காசு கொடுத்து ஐந்து டிகிரி வித்தியாசத்தை உண்டாக்குகிறோம். கடல் இருபது டிகிரியை இலவசமாக வைத்துக்கொண்டு சும்மா கிடக்கிறது. முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கும் தலை சுற்றியதுதான்.

ஆனால் இருபது டிகிரி என்பது வெப்ப இயந்திரத்துக்கு மிகச் சின்ன வித்தியாசம். கோட்பாட்டளவில் ஏழு விழுக்காட்டுக்குச் சற்று மேல். நடைமுறையில் இரண்டு, மூன்று. நூறு பங்கு வெப்பத்தை உள்ளே விட்டால் மூன்று பங்கு மின்சாரம். அதனால் நீர் ஏராளமாக வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு விநாடிக்குச் சில டன் குளிர்நீர், அதைவிட அதிகமாக வெந்நீர். இதையெல்லாம் தள்ளப் பம்புகள். பம்புகளுக்கு மின்சாரம். அந்த மின்சாரத்தை நிலையமே தன் உற்பத்தியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தத்திலிருந்து இதைக் கழித்தால் வருவது நிகரம். ஊருக்குப் போவது நிகரம் மட்டும்தான். நாற்பது கட்டுரைகளில் நிகரம் என்ற சொல் இரண்டில் வருகிறது.

ஓர் எண் பார்ப்போம். 1981இல் தோக்கியோ மின்சார நிறுவனம் பசிபிக்கில் நவுரு தீவில் ஒரு சோதனை நிலையம் கட்டியது. மொத்த உற்பத்தி 120 கிலோவாட். அதில் சுமார் 90 கிலோவாட் நிலையத்தை ஓட்டவே போய்விட்டது. மிச்சம் 30 சொச்சம். அது ஒரு பள்ளிக்கூடத்துக்கும் இன்னும் சில இடங்களுக்கும் போனது. ‘நவுருவில் 120 கிலோவாட் உற்பத்தி செய்து ஜப்பான் சாதனை’ என்று எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் நூறு ரிங்கிட் சம்பாதிக்க எழுபத்தைந்து ரிங்கிட் பெட்ரோல் செலவழித்தவனைப் பற்றி, ‘அண்ணன் இன்னிக்கு நூறு ரிங்கிட் சம்பாதிச்சாரு’ என்று சொல்வதும் பொய்யில்லைதானே.

இதைப் பற்றி பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தேநீர் குடித்தபடி, மாணவர் இதழ்களில் பல வருடமாக எழுதிவரும் ஓர் அண்ணனிடம் வாதாடினேன். அவர் சொன்னது: “தம்பி, நீ இன்ஜினியர். உனக்குக் கழிக்கணும். நான் எழுதுறது பதிமூணு வயசுப் பிள்ளைக்கு. அதுக்கு முதல்ல ஆசை வரணும். தோத்த கதையச் சொன்னா எவன் சயன்ஸ் ஸ்ட்ரீமுக்குப் போவான்?” இது லேசான கேள்வி இல்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவியல் பக்கம் போகிறார்கள் என்ற கவலையிலிருந்து வருகிற கேள்வி. ஆனால் எனக்குத் தோன்றுவது நேர் எதிர். தோற்ற கதைதான் இதில் இருக்கும் ஒரே கதை. அதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது விளம்பரம்.

ஜூல்ஸ் வெர்னின் கடலடி நாவல் 1869-70இல் வந்தது. அதில் கேப்டன் நீமோ, வெவ்வேறு ஆழங்களில் கம்பிகளை இறக்கி வெப்ப வித்தியாசத்திலிருந்து மின்சாரம் எடுத்திருக்க முடியும், ஆனால் அதைவிட எளிய வழியைத் தேர்ந்தேன் என்று போகிற போக்கில் சொல்வார். கவனியுங்கள், கற்பனைப் பாத்திரமே அதைச் செய்யாமல் ஒதுங்கிக்கொள்கிறது. 1881இல் தார்சொன்வால் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இதை இயந்திரமாக யோசித்தார். அவருடைய மாணவர் ஜார்ஜ் குளோட் அதைக் கட்டப் போனார். குளோட் வேறு யாருமில்லை, நியான் விளக்கைக் கண்டுபிடித்தவர். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ராத்திரி மின்னும் பெயர்ப்பலகைகளின் பூர்வீகம் அவரிடம் போய் நிற்கும். அந்த விளக்கில் சம்பாதித்த மனிதர், கியூபாவில் மத்தான்சாஸ் விரிகுடாவில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளக் குழாயைக் கடலில் இறக்கினார். முதல் குழாய் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது நின்றது. 1930இல் டர்பைன் 22 கிலோவாட் கொடுத்தது. அதை ஓட்ட ஆன மின்சாரம் அதைவிட அதிகம். அதாவது நிகரம் பூஜ்ஜியத்துக்கும் கீழே. பிறகு புயல் அந்தக் குழாயையும் கொண்டுபோனது.

மனிதர் விடவில்லை. பத்தாயிரம் டன் சரக்குக் கப்பல் ஒன்றை வாங்கி, ‘துனிசி’ என்ற பெயரோடு பிரேசில் கரைக்கு அப்பால் கொண்டுபோனார். கப்பலிலிருந்து குழாயைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். அலை விடவில்லை. 1935இல் அந்தக் கப்பலைத் தானே மூழ்கடித்தார். எல்லாம் சொந்தக் காசு. கடைசியில் நாஜிகளுக்குத் துணைபோன குற்றத்துக்காக 1945இல் ஆயுள் தண்டனை வாங்கி, ஐந்து வருடம் கழித்து வெளியே வந்தார். இவ்வளவு பெரிய, இவ்வளவு கோணலான வாழ்க்கை நம் கட்டுரைகளில் எப்படி வருகிறது தெரியுமா? ‘1930இல் கியூபாவில் முதல் நிலையம் அமைக்கப்பட்டது.’ செயப்பாட்டு வினை. யார் அமைத்தார், எதை இழந்தார், எதுவும் இல்லை. இந்த ‘அமைக்கப்பட்டது’, ‘உருவாக்கப்பட்டது’, ‘செயல்படுத்தப்பட்டது’ மொழிதான் தமிழ் அறிவியல் கட்டுரையின் முதல் வியாதி. அந்த வாக்கியங்களுக்குள் மனிதர் யாரும் இல்லை. அதனால் தோற்கவும் ஆளில்லை.

குழாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். பலர் எழுதுகிறார்கள், ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து நீரை இறைப்பதுதான் கஷ்டம் என்று. கிணற்றை மனதில் வைத்துக்கொண்டு எழுதுவது. கடலுக்குள் நிற்கும் குழாயில் நீர் தானாகவே ஏறக்குறையக் கடல் மட்டம் வரைக்கும் நிற்கும், ஏனென்றால் வெளியேயும் அதே கடல்தானே. பம்ப் தூக்க வேண்டிய உயரம் சில மீட்டர்தான். கஷ்டம் உராய்வு. உராய்வைக் குறைக்கக் குழாய் அகலமாக இருக்க வேண்டும். அகலமான குழாயை நீவாடு பக்கவாட்டில் தள்ளும். மேல்முனை மிதவையோடு சேர்ந்து அலையில் ஏறி இறங்கும். பாலித்தீன் குழாய் நீரைவிட லேசு, மிதக்கும். அதை இழுத்துப்போய், ஒரு முனையில் எடை கட்டி நிமிர்த்த வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒன்றை, பிடித்துக்கொள்ள எதுவுமில்லாத இடத்தில் நிமிர்த்துவது. டர்பைன், அம்மோனியா, வெப்பமாற்றி எல்லாம் தொழிற்சாலையில் சோதித்துப் பார்க்கக்கூடியவை. இதை மட்டும் கடலில்தான் சோதிக்க முடியும், அதுவும் ஒரே மூச்சில்.

இந்தக் கதை தமிழ்க் கடலிலேயே நடந்தது. சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1993இல் தொடங்கியது. 1997இல் ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஒரு மெகாவாட் மிதக்கும் நிலையம் ஒன்றை வடிவமைத்தார்கள். மிதவையின் பெயர் ‘சாகர் சக்தி’. இடம் தூத்துக்குடி, திருச்செந்தூர் கரைக்கு அப்பால், கடல் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கும் இடம். குழாய் சுமார் ஒரு மீட்டர் விட்டம், ஒரு கிலோமீட்டர் நீளம். வடிவமைப்பின்படியே மொத்தத்தில் பாதியளவுதான் நிகரம். 2000களின் தொடக்கத்தில் குழாயை இறக்கினார்கள். குழாய் தோற்றது. உலகத்தின் முதல் மெகாவாட் நிலையமாக இருந்திருக்க வேண்டியது ஒரு வாட் கூட ஊருக்குக் கொடுக்காமல் முடிந்தது.

தூத்துக்குடியும் திருச்செந்தூரும் எழுதப்படாத கரைகள் இல்லை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இலேயே வல்லத்துக்கும் லாஞ்சிக்கும் நடந்த சண்டையை எழுதிவிட்டது. சொல்லப்போனால் அது ஒரு தொழில்நுட்ப நாவல். எஞ்சின் வந்தால் ஒரு ஊரில் யார் யாரோடு பேசாமல் போகிறார்கள் என்பதுதான் அதன் விஷயம். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது, கடலில் தத்தளிக்கும் மனிதர்களை வைத்தே நகர்கிறது. அவருடைய ‘கொற்கை’ தூத்துக்குடியின் தோணிகளை எழுதி 2013இல் சாகித்திய அகாதமி வாங்கியது. பாய் கிழிவதை, பாய்மரம் முறிவதைப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த மொழி இது. அதே கடலில், ஏறக்குறைய அதே வருடங்களில், ஒரு கிலோமீட்டர் குழாய் கைவிட்டுப் போயிருக்கிறது. மேலே நின்ற பொறியாளர்களில் தமிழர்கள் இருந்திருப்பார்கள், இழுவைக் கப்பலிலும் அந்தக் கரை ஆட்கள் இருந்திருப்பார்கள். அதைப் பற்றி ஒரு சிறுகதை, ஒரு நல்ல கட்டுரை என் வாசிப்பில் வரவில்லை. சேர்த்து வைத்த நாற்பதில் ஏழில் சாகர் சக்தி வருகிறது. ஐந்து கட்டுரைகள் அது இன்னும் வரப்போகிற திட்டம் மாதிரியே பேசுகின்றன.

இதை நாவலாசிரியர்கள்மேல் குறையாக வைக்கவில்லை. தமிழ் இலக்கியத்தின் கடல் மேற்பரப்பில் இருக்கிறது. மீன், காற்று, அலை, கரை, சாவு. ஆழம் வந்தால் அது முத்துக் குளிப்பவனின் மூச்சு போகும் தூரம் வரைக்கும்தான். அதற்கும் கீழே இருட்டில் 5 டிகிரியில் கிடக்கும் நீருக்கு நம்மிடம் ஒரு படிமம்கூட இல்லை. அறிவியல் கட்டுரையாளர்தான் அதை முதலில் காட்டியிருக்க வேண்டும். அவர் பூஜ்ஜியங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

தோல்விக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. அதே நிறுவனம் டர்பைனைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தது. குளோட் கியூபாவில் செய்தது இதுதான்: வெந்நீரை வெற்றிடத்துக்குள் விட்டால் அது குறைந்த சூட்டிலேயே ஆவியாகும், அந்த ஆவி டர்பைனைச் சுற்றிவிட்டுக் குளிர்நீரில் பட்டு மறுபடி நீராகும். உப்பு பின்னால் தங்கிவிடுவதால் அது நல்ல நீர். டர்பைனை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? குடிதண்ணீர். 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் தினமும் ஒரு லட்சம் லிட்டர் குடிதண்ணீர் கொடுக்கும் நிலையம் ஓட ஆரம்பித்தது. அதற்கு ஆயிரம் மீட்டர் வேண்டாம். சுமார் 350 மீட்டரில் கிடைக்கும் 12, 13 டிகிரி நீரே போதும். தீவுக்குப் பக்கத்திலேயே கடல் செங்குத்தாக இறங்குவதால் குழாயும் கரையிலிருந்தே போகிறது. 2007இல் சென்னைக்கு அப்பால் மிதவைமேல் பத்து லட்சம் லிட்டர் அளவில் செய்து பார்த்தார்கள். 2009இல் வடசென்னை அனல்மின் நிலையத்தில், கடலில் கொட்டப்போகும் சுடுநீரை வைத்தே ஒரு லட்சம் லிட்டர். 2011இல் மினிக்காய், அகத்தி. பிறகு இன்னும் சில தீவுகள்.

இதை வெற்றிக் கதையாக எழுதியிருக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் இங்கேயும் கழிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் பம்புகள் ஓடுவது டீசல் மின்சாரத்தில். டீசல் கப்பலில் வருகிறது. கடலின் குளிரை மேலே கொண்டுவர, பெருநிலத்திலிருந்து எண்ணெய். இதை மறைத்துவிட்டு ‘கடலே தரும் குடிநீர்’ என்று எழுதினால் அடுத்த வரி எழுத முடியாது. சொன்னால்தான் அடுத்த வரி வரும்: அதனால்தான் இப்போது கவரத்தியில் 65 கிலோவாட் கடல் வெப்ப மின்சாரத்தோடு சேர்ந்த நிலையம் ஒன்றைக் கட்டுகிறார்கள். தண்ணீர் நிலையம் தன் பம்புகளைத் தானே ஓட்டிக்கொள்வதற்காக. கழற்றி வைத்த டர்பைன் திரும்பி வருகிறது, மெகாவாட் கனவோடு இல்லை, வீட்டு வேலைக்கு. அண்ணனின் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இதில் ஆசை வராது என்றால் எனக்குப் புரியவில்லை.

இனி நம் ஊர். மலேசியத் தமிழ்க் கட்டுரைகளில் இன்னொரு வினோதம் இருக்கிறது: கடல் வருகிறது, ஆனால் எந்தக் கடல் என்று சொல்வதில்லை. கிள்ளானில் வளர்ந்தவனுக்கு இது எரிச்சல். எங்கள் கடல் ஆழமில்லாதது. சிலாங்கூர் கரைக்கு அப்பால் ஒரு திட்டு இருக்கிறது, கலங்கரை விளக்கத்தோடு. மலாயில் அதன் பெயர் பெர்மாத்தாங் சடெப்பா. சடெப்பா என்றால் இரண்டு கையை விரித்த அளவு. தமிழ் மீனவர் சொல்லும் பாகம். ஒரு பாகத் திட்டு! கடல் வெப்ப மின்சாரத்துக்கு ஐந்நூறு பாகத்துக்கு மேல் வேண்டும். மலாக்கா நீரிணைக்குப் பக்கத்தில் அதற்கு வழியே இல்லை. பெரிய அலையும் கிடையாது, சுமத்ரா மறைத்துவிடுகிறது. ஓதம் இருக்கிறது, கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டரளவு ஏறி இறங்கும். பிரான்சின் லா ரான்சில் (1966, 240 மெகாவாட்) அது சராசரியாகவே எட்டு மீட்டர். நம் கழிமுகத்தை அணைபோட்டு அடைத்தால் சதுப்புக்காடும் துறைமுகமும் என்னாகும் என்று கேட்டாலே பேச்சு முடிந்துவிடும். காப்பாரின் 2,420 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒரு மூலை.

ஆழம் சபாவில் இருக்கிறது. சபா பள்ளத்தில் 2,900 மீட்டர், அடியில் சுமார் 4 டிகிரி. அதைப் பார்த்துத்தான் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2013இல் கோலாலம்பூர் வளாகத்தில் கடல் வெப்ப ஆற்றல் மையத்தைத் தொடங்கியது. பின்னால் நின்று உந்தியவர் டாக்டர் அபு பக்கார் ஜாஃபார். சாகா பல்கலைக்கழகம் இங்கேயும் வந்தது, தூத்துக்குடிக்கு வந்த அதே சாகா. இரு நாட்டுக் கூட்டுத் திட்டத்தில், போர்ட்டிக்சனில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையத்தில், 3 கிலோவாட் சோதனை இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

மூன்று கிலோவாட். என் வீட்டில் இரண்டு மூன்று ஏர்கோன் தின்னும் அளவு. இதைக் கேலி செய்யச் சொல்லவில்லை. சோதனை சிறியதாகத்தான் இருக்க வேண்டும். வெப்பமாற்றியில் கடல்நீர் என்ன செய்கிறது, பாசி எப்படிப் படிகிறது, மின்சாரத்தையும் நல்ல நீரையும் ஒரே இயந்திரத்தில் எடுத்தால் எப்படி இருக்கும், இதெல்லாம் அங்கே தெரிந்துகொள்ள வேண்டியவை. ஆனால் போர்ட்டிக்சன் கடலின் அடியில் 5 டிகிரி நீர் கிடையாது. அங்கே சோதிக்க முடிகிறது இயந்திரத்தின் பாதியைத்தான். கியூபாவிலும் பிரேசிலிலும் தூத்துக்குடியிலும் உயிரை வாங்கிய மற்றப் பாதி, அந்தக் குழாய், போர்ட்டிக்சனில் இல்லை. ‘மலேசியாவின் முதல் கடல் வெப்ப மின் நிலையம்’ என்று எழுதும்போது இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்க எத்தனை செண்டிமீட்டர் இடம் போகும்?

நமக்குக் கடல் என்றாலே ‘ரஜூலா’ கப்பல்தான். தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் ஏறினார்கள், பினாங்கிலோ, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருந்த எங்கள் துறைமுகத்திலோ இறங்கினார்கள். பிறகு ஆற்றோரத் தோட்டம், கித்தா, செம்பனை. மலேசியத் தமிழ் எழுத்தில் கடல் ஒரு வழி, கடந்து வந்து முடித்த ஒன்று. கேரித்தீவுத் தோட்டத்தில் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மூன்று தலைமுறை இருந்தவர்களின் கதைகளிலும் பெரும்பாலும் மண்தான் வருகிறது. சபா பள்ளத்தைப் பற்றி எழுத வருகிறவருக்கு முன்னோடி வரிகள் கிடையாது, அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். அதனால்தான் 71 விழுக்காட்டில் போய் ஒளிந்துகொள்கிறார் என்று நினைக்கிறேன்.

அண்ணனிடம் கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான். அடுத்த கட்டுரையில் சபாவைப் பற்றி எழுதுங்கள், ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு எண் போடுங்கள், மொத்தம், நிகரம். அதற்குப் பிறகு குழாய்க்கு மட்டும் ஒரு பத்தி. அவர் கொஞ்ச நேரம் தேநீரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். “அந்தக் கப்பல மூழ்கடிச்சான்னியே, அவன் பேரு என்ன?” என்று கேட்டார். சொன்னேன். ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.